ஹனோயில் திருத்தந்தையின் பிரதிநிதி

பெரியோர்களே, நண்பர்களே,

தூதரகம் என்றதும் விசாவுக்காக நிற்கும் வரிசையும் வணிக ஒப்பந்தங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. திருத்தந்தையின் (போப்பின்) உரோமைத் தலைமையகமான திருப்பீடத்தின் தூதரகத்தில் இவை இரண்டுக்கும் இடமில்லை. ஒரு மறைமாவட்டத்தில் ஆயர் (பிஷப்) பதவி வெறுமையாகும்போது, தகுதியுள்ள குருக்களைப் பற்றி மறைவாக விசாரித்து, மூன்று பெயர்களை உரோமைக்கு அனுப்பிவைப்பது அங்கே நடக்கும் முதன்மையான பணிகளுள் ஒன்று. இந்தப் பணியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், வியட்நாம் அரசும் உரோமையும் அரை நூற்றாண்டுக் காலம் எதற்காக இழுபறியில் இருந்தன என்பது விளங்கும்.

திருத்தந்தையின் பிரதிநிதிகளில் படிநிலைகள் உண்டு. அரசாலும் கத்தோலிக்கத் திரு அவையாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டு, முழுத் தூதர் தகுதியோடு இருப்பவர் நுன்சியோ. உள்ளூர்த் திரு அவைக்கு மட்டும் அனுப்பப்பட்டு, அரசிடம் எந்தத் தகுதியும் பெறாதவர் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி. 1925-இல், வியட்நாமும் அடங்கியிருந்த இந்தோசீனாவுக்காக, ஹுவே நகரில் தொடங்கப்பட்டது இந்த இரண்டாம் வகை நிலையமே. பின்னர் அது ஹனோய்க்கு மாறியது. 1954-இல் நாடு கம்யூனிஸ்ட் ஆட்சியிலான வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்து, 6 லட்சத்துக்குக் குறையாத கத்தோலிக்கர் வடக்கிலிருந்து தெற்கே போனபோதும், அப்போதைய பிரதிநிதியான அயர்லாந்துக்காரர் ஜான் டூலி ஹனோயை விட்டு நகரவில்லை. மந்தையில் ஒரு பகுதி அங்கேயே இருந்தது. அதனால் அவரும் இருந்தார். ஆனால் அரசின் ஏற்பு இல்லாத ஒருவரால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? 1959-இல் அவர் நோயுற்று வெளியேறினார்; அவருக்குப் பின் அங்கிருந்த குருவும் அதே ஆண்டில் வெளியேற்றப்பட்டார். நிலையம் தென் வியட்நாமின் தலைநகரான சைகோனுக்குச் சென்றது. 1975 இறுதியில் அங்கிருந்த கடைசிப் பிரதிநிதி ஹென்றி லெமெத்ரும் வெளியேற்றப்பட, வியட்நாம் மண்ணில் திருத்தந்தைக்குப் பிரதிநிதியே இல்லாமல் போயிற்று.

அந்த ஆண்டின் நிகழ்வு ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சைகோன் வடக்கின் கம்யூனிஸ்ட் படைகளிடம் வீழ்வதற்கு ஆறு நாள்களுக்கு முன், ஏப்ரல் 24 அன்று, ஆயர் நுயென் வான் துவானை அந்நகரின் வாரிசுரிமையுள்ள துணைப் பேராயராகத் திருத்தந்தை ஆறாம் பவுல் நியமித்தார். துவான், 1963 வரை தென் வியட்நாமை ஆண்ட நோ டின் டியெமின் சகோதரி மகன். புதிய ஆட்சியாளர்களின் கண்ணில் இது அரசியலாகவே பட்டது. அவர்களது சந்தேகத்துக்கு வரலாற்றுக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஒரு மனிதரை விசாரணையே இல்லாமல் 13 ஆண்டுகள் அடைத்துவைத்ததை எந்த வரலாறும் நியாயப்படுத்தாது. அவற்றில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று வலி மருந்து வேண்டும் என்று அவர் எழுதி அனுப்ப, அவர் கேட்பது திருப்பலிக்கான இரசம் என்ற குறிப்பைப் புரிந்துகொண்ட மக்கள் ஒரு சிறு குப்பியில் திராட்சை இரசத்தை ஊற்றி, ‘வயிற்று வலி மருந்து’ என்று சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசமும் ஒரு சொட்டு நீரும் வைத்து அவர் திருப்பலி நிறைவேற்றினார். ஓர் ஆயரின் நியமனக் கடிதம் எத்தகைய விலையைக் கேட்கக்கூடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. 1988 நவம்பரில்தான் அவர் விடுதலை பெற்றார்.

அடுத்த ஆண்டே உரோமையிலிருந்து கர்தினால் ரோஜர் எச்செகரே வியட்நாமுக்குச் சென்றார். அதற்குப் பிறகு திருப்பீடக் குழுக்கள் ஹனோய்க்குப் போய்வரத் தொடங்கின. அவர்கள் கொண்டுபோன பெயர்களை அரசு பார்க்கும். சிலவற்றை ஏற்கும், சிலவற்றைத் தள்ளும். 1996-இல் இந்நடைமுறை ஒரு புரிந்துணர்வாக உருப்பெற்றது: பெயரைத் தேர்ந்து முன்வைப்பது உரோமை, இசைவு தருவது அரசு, நியமிப்பது திருத்தந்தை. 1995-இல் பேராயர் நுயென் வான் பின் மறைந்த பிறகு, நாட்டின் மிகப் பெரிய நகரான ஹோ சி மின் நகருக்கு (பழைய சைகோன்) அடுத்த பேராயர் 1998-இல்தான் கிடைத்தார் என்பதிலிருந்து அந்த வழி எவ்வளவு மெதுவானது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இடையில் ஹனோயின் பழைய நிலையம் என்னவாயிற்று? புனித யோசேப்பு பேராலயத்தை ஒட்டி, ஞாச்சுங் தெருவில், அரசின் வசத்தில் இருந்தது அது. 2007 டிசம்பரிலிருந்து மக்கள் அதன் வாயிலில் மெழுகுவர்த்தியோடு கூடி, அந்த இடத்தைத் திருப்பித் தரும்படி செபித்தார்கள். 2008 செப்டம்பரில் காவலர்கள் தெருவை மறித்து நிற்க, புல்டோசர்கள் உள்ளே நுழைந்தன. சில வாரங்களிலேயே அது பொதுப் பூங்காவாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் திருப்பீடம் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. மக்கள் கண்ணீரோடு நின்ற இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக அன்று பலர் வருந்தினார்கள். அவ்வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், அடுத்த பிப்ரவரியில் இரு தரப்பின் கூட்டுப் பணிக்குழு ஹனோயில் முதன்முறையாகக் கூடியதைப் பார்க்கும்போது, உரோமை எடுத்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன். கட்டடத்தைவிட ஆயர்கள் தேவைப்பட்டார்கள்.

2011-இல் பேராயர் லியோபோல்தோ ஜிரெல்லி, நாட்டில் தங்காத பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 2021-இல் இந்தியாவுக்கு நுன்சியோவாக அனுப்பப்பட்டவரும் இவரே. அவரும் அவருக்குப் பின் வந்த பேராயர் மாரெக் சலெவ்ஸ்கியும் சிங்கப்பூரில் குடியிருந்துகொண்டு வியட்நாமுக்கு வந்துபோனவர்கள். 2023 ஜூலை 27 அன்று, குடியரசுத் தலைவர் வோ வான் துவோங் வத்திக்கான் சென்றிருந்தபோது, நாட்டிலேயே தங்கியிருக்கும் பிரதிநிதியின் நிலை குறித்த உடன்பாடு எட்டப்பட்டது. டிசம்பரில் சலெவ்ஸ்கியே அப்பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார்.

அவர் நுன்சியோ அல்லர். முழுமையான தூதரக உறவு ஏற்பட்டுவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் ஏறத்தாழ 70 லட்சம் கத்தோலிக்கரும் 27 மறைமாவட்டங்களும் உள்ள ஒரு நாட்டில், அடுத்த ஆயராக யார் வரலாம் என்று விசாரிக்க வேண்டியவர் இனிச் சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏற வேண்டியதில்லை. 1959-க்குப் பிறகு முதன்முறையாக, திருத்தந்தையின் பிரதிநிதி ஹனோயிலேயே குடியிருக்கிறார்.