ஆரோ காத்திருந்தாத்தான் கூத்து அரங்கேறும்

நடுவர் ஐயா, எங்கட அணித்தலைவர், அங்கால சிரிச்சுக்கொண்டிருக்கிற எதிரணி ஆக்கள், முன்னுக்குப் பாய் விரிச்சு இடம் புடிச்ச அம்மாமார், பின்னுக்குக் கதிரை கிடைக்காம மாமரத்தில சாஞ்சு நிக்கிற பொடியன்மார், எல்லாருக்கும் வணக்கம்.

கலைஞனுக்குப் படைப்பு ஊறுறது அவன்ட உள்ளச் சுதந்திரத்தாலயா, இல்லாட்டி சுத்தியிருக்கிற ஊர் குடுக்கிற நெருக்குதலாலயா? இதுதான் தலைப்பு. எனக்கு நெருக்குதல் பக்கம். சீட்டுக் குலுக்கித்தான் வந்த, ஆனா வீட்ட போய் யோசிச்சுப் பாத்தா சீட்டு குலுக்காட்டியும் இந்தப் பக்கம்தான் வந்திருப்பன்.

எனக்கு முன்னுக்குக் கதைச்ச தங்கச்சி வந்த கையோட பாடுமீனைப் புடிச்சிற்றா. கல்லடிப் பாலத்தடியில பௌர்ணமி ராவில மீன் பாடுதே, அதுக்கு ஆர் ஓடர் குடுத்த, ஆர் தேதி குறிச்ச, அது தன்ட பாட்டில பாடுது, கலைஞனும் அப்பிடித்தான் எண்டு சொல்லி நல்லாக் கைதட்டும் வாங்கிற்றா. நானும் தட்டினன். மட்டக்களப்பில நிண்டு பாடுமீனுக்கு எதிராக் கதைச்சா நான் இண்டைக்கு வீட்ட போய்ச் சேர ஏலா. ஆனா தங்கச்சி, அது மீனா, ஓட்டுக்குள்ள இருக்கிற ஊரியா எண்டே இன்னும் சண்டை தீரல்ல. தோணியில போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியக் காதில வெச்சுக் கேட்டான் பாருங்க ஒரு மனிசன், அவனாலதான் அது பாட்டாச்சு, அவன் இல்லாட்டி வாவிக்கு அடியில என்னமோ ஒரு சத்தம். கேக்க ஆள் வந்த பிறகுதான் உங்கட மீனுக்கே பாடகர் பட்டம் கிடைச்சிருக்கு. அப்ப அது எங்கட அணி மீன்.

சரி, மீனை வாவியில விடுவம். கூத்துக்கு வருவம், ஏனெண்டா இஞ்ச இருக்கிற பாதிப் பேருக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்ல, மற்றப் பாதிக்கு அவங்கட அப்பப்பா ஆடியிருப்பார்.

பெரும்போக வெட்டு முடிஞ்சு கையில நாலு காசு பொழங்குற காலத்தில ஊர்ப் பெரியாக்கள் கூடி இந்த வருசம் கூத்துப் போடுவம் எண்டு தீர்மானிப்பாங்க, கூத்துப் பழக்கிற அண்ணாவியாரைக் கூப்பிட்டு வெத்திலை வெப்பாங்க, அதிலயே தொடங்கிற்று நெருக்குதல். ஆளைப் பாத்து, குரலைப் பாத்து, உயரத்தைப் பாத்து இவருக்கு இந்த வேசம் எண்டு சட்டம் குடுக்கிற, சட்டமெண்டா அவர் பாடிப் பேசவேண்டிய பாட்டும் வசனமும் எழுதின தாள். பிறகு மாசக்கணக்கில பழக்கம். பகல் முழுக்க வரம்பில நிண்ட மனிசன், வாவியில வலை எறிஞ்ச மனிசன், ராவானா வந்து மத்தளத்துக்கு முன்னுக்கு நிண்டு தாளக்கட்டுக்குக் கால் வெக்கோணும், அண்ணாவியார் சல்லாரித் தாளத்தால தட்டிப் பிழை பிழை எண்டுவார், திரும்ப ஆடோணும். அதுக்குப் பிறகு சதங்கை கட்டுற, கிழமைக்குக் கிழமை ஆடிப் பாக்கிற கிழமைக் கூத்து, முழுக் கூத்தையும் ஒத்திகை பாக்கிற அடுக்கு, அரங்கேற்றம், அதுவும் முடிய வீட்டுக்கு வீடு போய் ஆடுற. நடுவர் ஐயா, இவ்வளவு படியில எந்தப் படியிலயாவது ஒருத்தன் "எனக்கு உள்ளுக்க ஒரு ஊக்கம் வரட்டும், வந்தா ஆடுறன்" எண்டு சொன்னதாக் கேள்விப்பட்டிருக்கீங்களா? சொன்னா அண்ணாவியார் மத்தளக்காரரைப் பாப்பார், மத்தளக்காரர் சிரிப்பார், வேசம் அடுத்த வளவுப் பொடியனுக்குப் போயிரும்.

எதிரணி சேர் கேட்டார், இதெல்லாம் பயிற்சி, இதில படைப்பு எங்க இருக்கு எண்டு. நல்ல கேள்வி. எனக்கு இளந்தாரி வயசில வடமோடி எண்ட வகைக் கூத்து ஒண்டில, ராசா வாறதை அறிவிக்கிற கட்டியகாரன் வேசம் கிடைச்ச. ராசா வேசக்காரரெல்லாம் விரிஞ்சு நிக்கிற கரப்புடுப்பும் கிரீடமுமா நிண்டு ஆடுறாங்க, நான் அங்கயும் இஞ்சயும் ஓடித் திரியிறன். ராவில தொடங்கினா விடியத்தான் முடியும். சாமம் தாண்டினா ஆக்கள் பாயில சாயத் தொடங்குவாங்க, ஆடுறவனுக்குக் காலும் இல்ல குரலும் இல்ல. அந்த நேரத்தில வட்டக்களரியில ஒளிய இடமும் இல்ல, நாலு பக்கமும் சனம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பக்கத்துக்கு முதுகு. ஒரு கிழவி கத்திச்சு, "என்னகா கட்டியகாரன், நித்திரையோ!" எண்டு. சட்டத்தில இல்லாத ஒரு பதில் எனக்கு வாயில வந்திச்சு, என்ன சொன்னனெண்டு இந்த மேடையில சொல்ல ஏலா, கோயில் வீதி இது, ஆனா களரியே எழும்பி உக்காந்திற்று. பிறகு வீட்டுக்கு வீடு ஆடக்குள்ள அதைத்தான் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. இது எனக்குள்ள எவ்வளவு காலமா ஊறிக் கிடந்த எண்டு தங்கச்சி கேட்டா நான் என்ன சொல்ல? கிழவி கேட்டா, வந்திச்சு.

வைகாசியில எங்கட கண்ணகை அம்மன் சடங்குகளை எடுங்க. கண்ணகை கதையைச் சொல்லுற வழக்குரை படிச்சு, கடைசியில அம்மனைக் குளிரப் பண்ணுற குளிர்த்தி. என்ன காலம் அது? கச்சான் காத்து முகத்தில அடிக்கிற, கிணறு அடியில போற, பழைய காலத்தில அம்மாள் வருத்தம் எண்ட அம்மை நோய் வீடு வீடாப் போன காலம். அப்பேர்ப்பட்ட வெக்கையில நிண்டு கோவத்தில எரிஞ்ச ஒரு பொம்பிளையைக் குளிரப் பண்ணப் பாடோணும், ஊரே ஈரத் துணியோட காத்து நிக்கிது, பாடாம விட ஏலா. அந்தப் பாட்டைக் கட்டினவன் ஏசி அறையிலயிருந்து கட்டியிருப்பானா?

இனி, கல்முனைப் பக்கத்துச் சேர் எங்களை மடக்க ஒரு அடி அடிச்சார். வயல் காவலுக்குப் பரணில தனிய இருந்து கவி பாடின ஆக்களுக்கு ஆர் நெருக்குதல் குடுத்த, பண்டியும் யானையுமா குடுத்த எண்டு கேட்டார். அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம் உம்மாமாரும் வாப்பாமாரும் பாடின கவியெல்லாம் எனக்கும் ஆசைதான் சேர். ஆனா அந்தக் கவியில எத்தினை கவி மச்சானுக்கு, எத்தினை கவி மச்சிக்கு எண்டு எண்ணிப் பாருங்க. நிலாவுக்குப் பாடுறமாதிரி இருக்கும், ரெண்டாவது அடியில மச்சி வந்திருவா. பரணில ஆள் தனிமைதான், கவி தனிமையில்ல. அங்கால வளவில ஒரு காது இருக்கு, பதில் கவி வரும், வராட்டி மானம் போகும். இதைவிட என்ன நெருக்குதல் வேணும்?

எதிரணியிட பெரிய ஆயுதம் விபுலாநந்த அடிகள். காரைதீவு மண்ணில 1892ல பிறந்த மகான், யாழ் எண்ட பழைய இசைக்கருவியைப் பற்றின யாழ் நூலைத் தவம் மாதிரி ஆண்டுக்கணக்கா ஆராஞ்சு எழுதினார், அதுக்கு ஆர் அவசரப்படுத்தின, ஆற அமரச் செய்ததாலதான் அப்பிடி ஒரு நூல் எண்டாங்க. அடிகளைப் பற்றிக் கதைக்கக்குள்ள நானும் எழும்பி நிண்டுதான் கதைப்பன். ஆனா ஆற அமர எங்க இருந்தார் அந்த மனிசன்? 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில தமிழ்ப் பேராசிரியர், இஞ்ச வந்தா கல்லடி சிவானந்த வித்தியாலயம், இராமகிருஷ்ண மிசன் பள்ளிக்கூடங்கள், பிள்ளையளுக்குச் சாப்பாட்டுக்கும் கட்டடத்துக்கும் ஓடுற வேலை, பிறகு இமயமலைப் பக்கம் போய் ஒரு சஞ்சிகைக்கு ஆசிரியர், 1943ல கொழும்பில இலங்கைப் பல்கலைக்கழகத்தில பேராசிரியர். இதுக்கிடையிலதான் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் தோண்டித் தோண்டிப் பழைய யாழைக் கணக்குப் போட்டு எடுத்தார். உடம்பும் விட்டுக்கொண்டு போகுது. 1947 ஜூனில திருக்கொள்ளம்பூதூரில யாழ் நூல் அரங்கேற்றம், ஜூலை 19 அடிகள் காலமாகிற்றார். சாவு பக்கத்தில வந்து நிண்டதை விடப் பெரிய நெருக்குதல் உங்களுக்கு வேணுமெண்டா எனக்குத் தெரியாது சேர். கொஞ்சம் அவசரப்பட்டிருக்காட்டி அந்த அரங்கேற்றம் அவர் கண்ணால பாத்திருப்பாரா?

அடுத்தது தங்கச்சி ஒரு ஆராய்ச்சியைக் காட்டினா. ஹார்வர்ட் பேராசிரியர் தெரேசா அமாபைல் ஆக்கள் அமெரிக்கக் கொம்பனிகளில வேலை செய்யிற ஆக்கள் எழுதின 9000க்கு மேற்பட்ட நாட்குறிப்பைப் பாத்து 2002ல எழுதினாங்களாம், நேர நெருக்கடி கூடினா புதுசா யோசிக்கிறது குறையுது எண்டு. ஓம், உண்மை. ஆனா தங்கச்சி பாதியில நிப்பாட்டிற்றா. அதே ஆராய்ச்சிதான் சொல்லுது, கடுமையான நெருக்கடியிலயும் சில பேர் நல்லாப் படைக்கிறாங்க, ஆரெண்டா தாங்க செய்யிற வேலை முக்கியம், இதை முடிச்சே ஆகோணும் எண்டு நம்பி, அந்த ஒரு வேலையிலயே நிக்கிற ஆக்கள். குறைஞ்சு போறது ஆரெண்டா, பத்து மீட்டிங், நூறு ஈமெயில், எதுக்கு அவசரமெண்டே தெரியாம ஓடுற ஆக்கள். கிழவி கேட்டதுக்கும் பொஸ் கேட்டதுக்கும் வித்தியாசம் இருக்கெண்டு ஹார்வர்டும் ஒத்துக்கொள்ளுது.

ரஷ்யாவில எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி பட்ட பாட்டைக் கேளுங்க. கடன். ஒரு பதிப்பாளர் ஒப்பந்தம் போட்டிற்றார், 1866 நவம்பர் 1க்குள்ள ஒரு நாவல் தராட்டி ஒன்பது வருசத்துக்கு உன்ட எழுத்தெல்லாம் எனக்குச் சும்மா. மனிசன் ஒக்டோபர் வரைக்கும் அந்த நாவலில ஒரு எழுத்து எழுதேல்ல. சுருக்கெழுத்துத் தெரிஞ்ச 20 வயசுப் பொடிச்சி அன்னா வந்து முன்னுக்கு இருந்தா, இவர் சொல்லச் சொல்ல அவ எழுத, 26 நாளில சூதாடி நாவல் முடிஞ்சிற்று. அடுத்த வருசம் ரெண்டு பேருக்கும் கலியாணம், அது வேற கதை. அந்தப் பதிப்பாளருக்கு நான் மாலை போடச் சொல்லேல்ல, அவன் செய்தது பச்சை அநியாயம். ஆனா ஒப்பந்தம் போட்டு ஒரு வருசத்துக்கு மேல அந்த நாவலைத் தொடாம இருந்த மனிசனுக்கு வாய் திறந்தது எப்ப? நாளைக்கும் ஒருத்தி பென்சிலோட வந்து கதைக்காகக் காத்திருப்பா எண்டு ஆனப்பதான்.

இனி நான் கொஞ்சம் பொறுமையாக் கதைக்கவேண்டிய இடம். எதிரணி அக்கா கேட்டா, ஊர் நெருக்குதல் அவ்வளவு நல்லதெண்டா எங்கட அம்மாமாரை ஏன் களரிக்கு ஏற விடல்ல, பொம்பிளை வேசத்தையும் ஆம்பிளைதானே கட்டினான் எண்டு. பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி, நான் சுத்தி வளைக்கல்ல, அது அநியாயம். இப்ப பொம்பிளையள் கூத்தாடுறாங்க, மத்தளமும் அடிக்கிறாங்க, நல்லா அடிக்கிறாங்க. ஆனா அக்கா, அந்தக் காலத்தில அவங்களிட்ட ஊர் கேட்டுத் தொல்லை குடுத்ததாலயா அவங்க ஆடாம விட்டாங்க? ஊர் அவங்களிட்டக் கேக்கவே இல்ல. கேட்ட இடத்தில என்ன நடந்த? தாலாட்டுக் கேட்டாங்க, ஒப்பாரி கேட்டாங்க, நாத்து நடக்குள்ள பாட்டுக் கேட்டாங்க, அங்கயெல்லாம் அவங்கதான் புலவர்.

யுத்தத்தையும் அப்பிடித்தான் பாக்கிறன். நெருக்கடியால கலை வளருமெண்டா யுத்த காலத்தில கூத்து கொட்டியிருக்கோணுமே எண்டாங்க. ஊரடங்கில ராவில ஆர் களரிக்கு வாற? ஆக்கள் கூட ஏலாத இடத்தில கூத்து படுத்திற்று. ஆனா அதே காலத்தில கவிதை எழும்பிச்சு, 1985ல மரணத்துள் வாழ்வோம் தொகுப்பு வந்த காலம் அது. கவிதை மடிச்சுச் சட்டைப் பையில வெக்கலாம், ஒருத்தன் வாசிச்சு மற்றவனுக்குக் குடுக்கலாம். எந்தக் கலைக்கு ஆள் போய்ச் சேர ஏலுமோ அது நிண்டிச்சு. செத்த சனத்தின்ட கணக்கில நான் கலைக்கு லாபம் பாக்கல்ல நடுவர் ஐயா, அப்பிடி ஒரு லாபம் வேணாம்.

காசைப் பற்றியும் சொல்லிற்றுப் போறன், நேரம் போகுது. கலைஞனைப் பட்டினி போட்டா நல்லாப் படைப்பான் எண்டு எங்கட அணியில ஆரும் சொல்லேல்ல, சொன்னா நானே மைக்கைப் பறிப்பன். அண்ணாவியாருக்குப் பொன்னாடை போடுறம், போட்டோ எடுக்கிறம், பொன்னாடையை உலையில போட ஏலாது. மத்தளத்துக்குத் தோல் மாத்தக் காசு வேணும், உடுப்புக்குக் காசு வேணும், அவர்ட பிள்ளைக்கு டியூசன் காசு வேணும். கூத்து வேணுமெண்டு கேக்கிற ஊர் அதைக் குடுக்கவும் வேணும்.

இந்தப் போன் வந்த பிறகு பிள்ளையளுக்கு வியூஸ் எத்தினை லைக் எத்தினை எண்டு ஒரு பயித்தியம், அதுதான் உங்கட நெருக்குதல், அதால எத்தினை பொடியன் பாட்டை விட்டிற்றான் எண்டும் கேட்டாங்க. அந்த எண்ணில எங்கட கிழவி இல்லையே தங்கச்சி. களரியில கத்தின கிழவிக்கு நான் ஆர்ட மகன் எண்டு தெரியும், முதல் கிழமை எனக்குக் காய்ச்சல் எண்டும் தெரியும், ஏசிப்போட்டு விடியக் கோப்பியும் தந்தா. போனில பாக்கிறவன் விரலால தள்ளிற்றுப் போறான், அவனுக்கு நீங்க பாடினாலும் ஒண்டு, பூனை குதிச்சாலும் ஒண்டு. அவன் காத்திருக்கல்ல. காத்திருக்காதவனுக்காகப் பாடினா பொடியன் பாட்டை விடத்தான் செய்வான்.

மணி அடிச்சாச்சு. நடுவர் ஐயா, கோயில் நிர்வாகம் சரியா 9 மணிக்கு மைக் ஓஃப் எண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கு, இவ்வளவு சனம் உங்கட வாயைப் பாத்துக்கொண்டிருக்கு, வீட்ட போக பஸ்ஸும் இல்ல. மனசில ஊறும்வரைக்கும் பொறுத்திருந்து அடுத்த வருசத் திருவிழாவில தீர்ப்புச் சொல்லுறதெண்டா எதிரணி சரி. இண்டைக்கே சொல்லுறதெண்டா நாங்க சரி. நன்றி, வணக்கம்.