கொண்டை ஊசி வளைவில் ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போகும்போது பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். மொத்தம் 20. எண்ணட்டும். ஆனால், "ரோட்டை நேராகவே மேலே போட்டிருந்தால் என்ன?" என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா? அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்து 'ஸ்டெம்' என்கிறார்களே, அதற்கு இந்த ஒரு கேள்வி போதும்.

நான் பாடம் நடத்தும் ஏழாம் வகுப்பில் இதையே எடுத்துக்கொண்டேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. பாதை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வகுத்தால், 25 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிறோம். வேண்டுமென்றேதான் இந்தச் சராசரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அடிவாரம் வரைக்கும் ரோடு கிட்டத்தட்ட சமமாத்தானே சார் இருக்கு, அதை ஏன் சேர்த்தீங்க?" அன்றைய பாடம் அதோடு முடிந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அடுத்து டிங்கர்கேட் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள். பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது. பெட்டி, உருளை, கூம்பு என்று இழுத்துப் போட்டு, ஒட்டி, குடைந்து உருவம் செய்யலாம். மலை செய்து அதில் ரோடு போடச் சொன்னேன். ஒரு குழுவின் ரோடு மலையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. முன்பக்கம் பார்த்தால் தெரியாது, படத்தைத் திருப்பினால்தான் தெரியும். வடிவமைக்கும் திரையில் புவியீர்ப்பு இல்லையே, மென்பொருள் வாயே திறக்காது! ஆகவே அட்டையை வெட்டிச் சாய்த்து, பொம்மை காரை ரப்பர் பேண்டில் கட்டி இழுத்தோம். செங்குத்தில் ரப்பர் நன்றாக நீண்டது. சாய்வைக் குறைத்ததும் சுருங்கியது, ஆனால் அதே உயரத்துக்குப் போக அட்டை போதவில்லை, இன்னொன்றை ஒட்ட வேண்டியதாயிற்று. வளைவு எதற்கென்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே ஒரு சட்டம்: இழுப்பதற்கு முன் எவ்வளவு நீளும் என்று பேனாவில் எழுதிவிட வேண்டும், அழிக்கக் கூடாது.

வீடியோவைப் பார்த்து அதில் வரும் வீட்டையே டிங்கர்கேட்டில் அச்சு அசலாகச் செய்து சான்றிதழ் வாங்கும் வகுப்புகளும் இருக்கின்றன. நான்கு வரி நோட்டில் காப்பி எழுதுவது போலத்தான் அது, கட்டணம் மட்டும் கூடுதல். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 முதல் வானவில் மன்றம் இருக்கிறது, அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து பார்க்கும் இடம். அங்கே என்ன செய்தாய் என்று கேட்பதைவிட, என்ன நடக்கும் என்று நினைத்தாய் எனக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பிள்ளைகள் இப்போது வேறொன்றைப் பிடித்திருக்கிறார்கள்: மேலே போனால் சூரியனுக்குக் கிட்டத்தானே போகிறோம், பிறகு ஏன் குளிர்கிறது? பொதுவாக 1 கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும் என்று புத்தகம் சொல்கிறது. நம்பவில்லை. அடுத்த மாதம் தெர்மாமீட்டரோடு பஸ் ஏறுகிறோம். ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் வைக்கலாமா கூடாதா என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.