வார் அறுந்த செருப்பும் சேவல் கழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம். தக்கலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்று என்னைத் தேடுகிறவர்கள் குளத்தங்கரைக்குத்தான் வரவேண்டும்.

தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சிபோல் உருவாக்கி, அதைக் காட்டியே மீனை ஏமாற்றுவது ஒரு கலை. இந்தப் பொய்யிரையை ஆங்கிலேயர்கள் ஃப்ளை, அதாவது ஈ என்கிறார்கள். நமக்கும் இது புதிதல்ல. நம் கடற்கரைக் கைத்தூண்டில்காரர்கள் வெள்ளை இறகையும் மின்னும் நூலையும் முள்ளில் கட்டித்தானே கடலில் விடுகிறார்கள்?

இதற்கென்று வெளிநாட்டிலிருந்து இறகோடு வரும் சேவல் கழுத்துத் தோலின் விலையை முதன்முதலில் கேட்டபோது, ஐந்தாறு சட்டை தைத்தால்தான் அந்தப் பணம் தேறும் என்று கணக்குப் போட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், இந்தக் கலையே வீட்டுப் பொருளில் பிறந்ததுதான். ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமர், மக்கெதோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இரண்டு இறகுகளைச் சேர்த்து மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஃபிராங்க் சாயர் பயன்படுத்தியதும் காலுறைக் கிழிசலைத் தைக்கும் கம்பளி நூல்தான். சாட்விக்ஸ் 477 என்று அதற்குப் பெயர். அந்த நூலின் உற்பத்தி நின்ற பிறகு தூண்டில்காரர்கள் பழைய நூலட்டைகளைத் தேடித்தேடி வாங்கினார்களாம். நூலின் அருமை தையற்காரனுக்குத் தெரியும், சிரித்துக்கொண்டேன்.

இறகுக்கு வருவோம். கோழிக்கடையில் நாட்டுச் சேவல் அறுக்கும்போது, வெந்நீரில் முக்குவதற்கு முன்பே கழுத்து இறகைக் கேட்டு வாங்குங்கள். அது விறைப்பானது. முள்ளைச் சுற்றிக் கட்டினால் சிலிர்த்து நின்று, நீர்மேல் இரையைத் தாங்கும். பெட்டைக்கோழி இறகு மெத்தென்றது, நீரை உறிஞ்சி அமிழ்ந்து அசையும். மிதக்க வேண்டுமென்றால் சேவல், அமிழ வேண்டுமென்றால் பெட்டை. பிராய்லர் இறகு வெறும் பஞ்சு, மிதக்கும் இரைக்கு உதவாது. சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, பூச்சி உருண்டையோடு டப்பாவில் அடைத்துவிடுங்கள். பழுப்பு நிறம் வேண்டுமா? கடுந்தேயிலைச் சாற்றில் ஊறவையுங்கள். மஞ்சள் தூளும் நன்றாகவே பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

காட்டுக்கோழியின் கழுத்தில் அரக்குத் துளி வைத்தாற்போலப் புள்ளிகள் இருக்கும். அதன்மேல் வெளிநாட்டுத் தூண்டில்காரர்களுக்குத் தீராத மோகம். நம் மலைகளில் அது திரிகிறதே என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. தோப்பில் தானாக உதிர்ந்து கிடக்கும் மயிலிறகை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஓர் இழையைச் சுற்றினாலே வண்டின் உடல் அமைந்துவிடும்.

என் பெட்டியில் நான் மிகவும் மெச்சுவது வார் அறுந்த ரப்பர் செருப்பு. பிளேடால் விரல் நக அளவுக்கு நறுக்கி, முள்ளில் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டைக் கால்களாக நீட்டிவிட்டால் தவளைக்குஞ்சு தயார். எத்தனை முறை நனைந்தாலும் மிதக்கும். வரால் அதன்மேல் பாயும் சத்தத்தைக் கேட்டவர்கள் விலை உயர்ந்த இறகைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

மின்னுவதற்குப் பழைய புடவையின் சரிகை. சிறுமீனின் வால்போல் நீள இழை வேண்டுமென்றால் உரச்சாக்கைப் பிரித்தெடுங்கள். கனம் கூட்ட, பழுதான மோட்டாரின் தாமிரக் கம்பி. முள்ளைப் பிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. சிறு குறட்டின் கைப்பிடியில் ரப்பர் பேண்டைச் சுற்றி, மேசை விளிம்பில் கட்டிவிட்டால் போதும்.

நூலில் மட்டும் கவனம். சட்டை தைக்கும் நூல் சின்ன முள்ளுக்குத் தடிமன், துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் நூல்தான் பொருந்தும். முடிச்சின் மேல் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு முறை தடவுங்கள். தொடக்கத்தில் நான் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தடவிப் பத்து இரைகள் கட்டிப் பெருமையாக எடுத்துப்போனேன். ஒருமணி நேரத்தில் பசை கரைந்து, பத்தும் வெறும் முள்ளாகத் திரும்பின.

முள்ளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமான முள் முதல் வராலிலேயே நிமிர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நாஞ்சில் நாட்டில் பல குளங்களில் தாமரை வளர்க்கிறார்கள். தாமரைத் தண்டில் இரை சிக்கினால், இரண்டு ரூபாய்ச் செருப்புத் துண்டுதானே என்று தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மறுநாள் விடியலில் பூப்பறிக்கிறவர்கள் மார்பளவு நீரில் இறங்குவார்கள். நான் இப்போது முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் இறகே கட்டத் தொடங்குகிறேன். எங்கே சிக்கினாலும் பின்னோக்கி இழுத்தால் கழன்று வந்துவிடுகிறது. வணக்கம்.