விளக்கின் கீழே நடக்கும் வேலை

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். தேனி மாவட்டத்துத் தேவாரம், கம்பம் ஊர்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். வீட்டில் நாம் மாட்டும் மின்சேமிப்பு பல்புகளின் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் பெரியாற்றுத் தண்ணீர், லோயர் கேம்ப்பில் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரமாவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மின்சாரத்தைச் சேமிப்பதன் அருமையை இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பழைய 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் ஆகிறது. அதே நேரம் எரியும் 9 வாட் எல்இடி பல்புக்கு 3 யூனிட்கூட ஆவதில்லை. குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது என்பதுதான் இதற்குக் காரணம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இந்த மிச்சம் இன்னும் முக்கியமானது. அந்தக் கோட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே கிடைத்து வந்த சலுகையில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போகிறது.

விலையும் இப்போது ஒரு தடையாக இல்லை. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு நிறுவனமே ஓர் எல்இடி பல்பை 310 ரூபாய்க்குத்தான் கொள்முதல் செய்ய முடிந்தது. 2015 ஜனவரியில், எல்இடி பல்புகளை மலிவாக வழங்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கி, மொத்தமாக வாங்கத் தொடங்கிய பிறகு, 2016-இல் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு, 2020-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், குண்டு பல்பையும் சுருள் பல்பு என்று நாம் சொல்லும் சிஎஃப்எல்லையும் அந்த ஆண்டு நவம்பர் முதல் விற்கக் கூடாது என்றே அறிவித்தது.

ஆகவே மின்சேமிப்பு பல்பு வேண்டுமா வேண்டாமா என்பது இன்று கேள்வி அல்ல. அதன் கீழே நாம் என்ன வேலை செய்கிறோம் என்பதுதான் கேள்வி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தாயாரிடம் கற்றுக்கொண்டேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

என் தாயார் நெடுங்காலம் வீட்டிலேயே ஏலக்காய் தரம் பிரித்துக் கொடுத்தவர். வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் விளைந்த காய், கம்பமெட்டு வழியாக இறங்கி, போடி வியாபாரிகளிடம் போய், அங்கிருந்து மூட்டையாக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். முறத்தில் ஒரு படி காயைக் கொட்டி, இரண்டு விரலால் தள்ளித் தள்ளி, பச்சை மாறாத காய் ஒரு பக்கம், வெளிறிய காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம் என்று பிரிப்பார். பருமனைச் சல்லடை பார்த்துக்கொள்ளும். நிறத்தைக் கண்தான் பார்க்க வேண்டும். பகலில் திண்ணை, இரவில் கூடத்தில் தொங்கிய 100 வாட் குண்டு பல்பு என்று அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது.

சிஎஃப்எல் பல்புகள் பரவலாக வந்த காலத்தில், மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று நான்தான் அந்தக் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வெளேரென்று எரியும் ஒரு சுருள் பல்பை மாட்டினேன். அம்மா முதல் நாளே, "வெளிச்சம் நெறையத்தான் இருக்கு, காய் தெரியலையேப்பா" என்றார். வயதான கண், நாலு நாளில் பழகிவிடும் என்று நான் சொன்னேன். மறு வாரம் வியாபாரி இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். பச்சைக் காய்க்குள் வெளிறிய காய் கலந்திருந்தது. காலையில் திண்ணையில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது; அன்று இரவு அதே கைப்பிடியை அந்தப் பல்பின் கீழே வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் பச்சையாக இருந்தது. அம்மாவின் கண்ணைக் குறை சொன்ன நான், இரண்டு மூட்டையையும் அவரோடு உட்கார்ந்து மறுபடி பிரித்தேன்.

இதற்கான காரணம் எளியது. குண்டு பல்பில் இருப்பது சூடேறிய கம்பி. அதன் ஒளியில் சிவப்பு தூக்கலாகவும் நீலம் குறைவாகவும் இருந்தாலும், எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் இருக்கிறது. சிஎஃப்எல்லில் பாதரச ஆவி வெளியிடும் கண்ணுக்குத் தெரியாத கதிர், குழாயின் உட்பூச்சில் பட்டு வெளிச்சமாகிறது. அந்தப் பூச்சு சில நிறங்களை மட்டும் கூர்மையாக எழுப்பி, நடுவில் உள்ளவற்றை விட்டுவிடுகிறது. எல்இடியிலோ நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சுப் போட்டு வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மலிவான எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு குறைந்துபோகிறது. ஒளியில் இல்லாத நிறத்தைக் காய் எங்கிருந்து காட்டும்?

எனவே கடைக்குப் போனால் வாட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கும். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. பழைய 60 வாட் பல்பு தந்தது ஏறத்தாழ 700 லூமன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயல். 2700 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. மூன்றாவது சிஆர்ஐ, அதாவது நிறத்தை உள்ளபடி காட்டும் திறன். குண்டு பல்புக்கு அது 100-ஐ ஒட்டி இருக்கும். 80 இருந்தால் கூடத்துக்கும் நடைக்கும் போதும். தையல் மெஷின் இருக்கும் இடம், அரிசியில் கல் பொறுக்கும் இடம், காய் பிரிக்கும் இடம், இவற்றுக்கு 90 என்று அச்சிட்டதைத் தேடி வாங்குங்கள். அது சில ரூபாய் கூடுதலாக இருக்கும், தயங்க வேண்டாம். எங்கள் கூடத்தில் பின்னாளில் மாட்டியது 4000 கெல்வினும் 90 சிஆர்ஐயும் உள்ள எல்இடி குழல்விளக்கு. அதன் பிறகு ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை.

பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஒரு சோதனை உண்டு. எரியும் பல்பை உங்கள் கைப்பேசி கேமராவில் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால், அந்தப் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் படிக்கும் மேசைக்கு மேல் மாட்டக் கூடாது.

குண்டு பல்பு முற்றிலும் வேண்டாததா என்றால், கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களைக் கேளுங்கள். குஞ்சுக்கு வேண்டியது வெளிச்சத்தைவிட வெதுவெதுப்பு. அதை எல்இடி தராது. மறுபுறம், எல்இடிக்கு அந்த வெப்பமே பகை. நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மாட்டினால், விளக்கு கெடும் முன்பே அதன் அடியில் உள்ள சிறிய மின்சுற்று வெந்துபோகும். ஐந்தாண்டு உழைக்கும் என்று சொல்லி வாங்கியது ஐந்து மாதத்தில் போனதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

பூஜை அறையில் இரவெல்லாம் எரியும் பழைய ஜீரோ வாட் பல்பையும் சொல்லியாக வேண்டும். பெயர்தான் ஜீரோ, அது ஏறத்தாழ 15 வாட் இழுக்கும். இரவு 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 9 யூனிட். அரை வாட் எல்இடி வைத்தால் அரை யூனிட்கூட ஆகாது.

நேரம் நெருங்குவதால் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால், சில வேளைகளில் சுவிட்சில் உள்ள சிறு விளக்கு காரணமாக இருக்கலாம். ஆனால் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கவும் கூடும். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். ஒயர்மேனை அழைத்துக் காட்டும் வரை அதில் கை வைக்காதீர்கள். அடுத்தது, வீட்டில் மிச்சமிருக்கும் சுருள் பல்பு உடைந்தால், அதில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். விளக்குமாற்றால் பெருக்காமல், அட்டையால் வழித்தெடுத்து, பொடித் துகளை ஈரத் துணியால் ஒற்றி, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். வணக்கம்.