‘சேவ்’ ஆனதும் கரண்ட் போனதும்

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டர் பற்றிய பேச்சு என்றதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். புரோகிராம் எழுதுவது பற்றி ஒரு வரிகூடச் சொல்லப் போவதில்லை. கடையிலோ வீட்டிலோ கம்ப்யூட்டரில் ஏதோ டைப் செய்கிறீர்கள், ‘சேவ்’ கொடுக்கிறீர்கள். அந்த எழுத்துகள் ஹார்டு டிஸ்கில் போய் உட்காரும் வரை நடுவில் ஒருவர் வேலை பார்க்கிறார். அவருக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அவர் செய்த தப்புகள், அவற்றைத் திருத்தியவர்கள், அவரை வேகமாக ஓடவைக்கப் போய் வந்த வம்புகள், இவைதான் இன்றைய பேச்சு.

டிஸ்குக்கு உங்கள் ஃபைலின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். ஃபைல் சிஸ்டத்தின் கணக்கில் ஒரு கட்டத்துக்குப் பெரும்பாலும் 4,096 பைட். இத்தனையாவது கட்டத்தில் இதை எழுது என்றால் எழுதும், படி என்றால் படிக்கும். யாருடைய கல்யாணப் பத்திரிகை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற கவலையெல்லாம் ஃபைல் சிஸ்டத்துடையது. புதிதாக ஒரு ஃபைல் உண்டானால் அது குறைந்தது நாலு இடத்தில் கை வைக்க வேண்டும். ஃபோல்டரில் பெயரை எழுத வேண்டும். இந்தப் பெயருக்குரிய கட்டங்கள் எவை, நீளம் எவ்வளவு என்று ஓர் இடத்தில் குறிக்க வேண்டும். அந்தக் கட்டங்கள் இனி காலி இல்லை என்று வேறோர் இடத்தில் குறிக்க வேண்டும். அப்புறம், நீங்கள் எழுதிய விஷயத்தையே அந்தக் கட்டங்களுக்குள் போட வேண்டும். நாலும் ஒரே கணத்தில் நடக்காது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். இரண்டு முடிந்து மூன்றாவது தொடங்கும் முன் கரண்ட் போனால்?

வேலூர்க்காரர்களிடம் கரண்ட் போவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 2012 வாக்கில் சென்னையைத் தாண்டினால் எத்தனை மணி நேரம் மின்வெட்டு இருந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அதற்கும் முன்னால், விண்டோஸ் 98 காலத்தில், கரண்ட் வந்து மறுபடி போட்டால் நீலத் திரை ஒன்று வரும். ஒழுங்காக அணைக்கவில்லை என்று நம்மையே குறை சொல்லிவிட்டு, டிஸ்க் முழுவதையும் சோதிக்கத் தொடங்கும். டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும். எங்கே தப்பு என்று தெரியாததால் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக இந்தச் சோதனைக்கு ஆகும் நேரமும் கூடிக்கொண்டே போனது.

இதற்கு வந்த மருந்து, நம் மண்டித் தெருக் கணக்குப்பிள்ளைகள் எப்போதோ கண்டுபிடித்த மருந்துதான். சரக்கு வந்ததும் முதலில் சிட்டாவில் ஒரு வரி எழுதுவார்கள். பட்டா சிட்டா இல்லை, கடைச் சிட்டா. ராத்திரி உட்கார்ந்து அதை ஆள் ஆளாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும் கவலையில்லை, சிட்டாவைப் பார்த்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். சிட்டாவிலேயே வரி பாதியில் நின்றிருந்தால் அந்த வரியை விட்டுவிடுவார்கள். ஃபைல் சிஸ்டமும் செய்யப்போகிற மாற்றங்களை முதலில் ஒரு மூலையில் குறித்து, குறிப்பு முழுதாகிவிட்டது என்று ஒரு முத்திரை வைத்துவிட்டு, பிறகே உரிய இடங்களில் எழுதுகிறது. கரண்ட் போய் வந்தால் அந்த மூலையை மட்டும் படித்தால் போதும். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற இன்னொன்று லினக்ஸ்; அதில் இதைக் கொண்டுவந்த ஃபைல் சிஸ்டங்களில் ஒன்று எக்ஸ்ட்3. ஸ்டீபன் ட்வீடி தொடங்கிய வேலை, 2001 நவம்பரில் லினக்ஸின் மூல வெளியீட்டில் சேர்ந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிட்டாவில் வழக்கமாக ஏறுவது பெயர், நீளம், கட்டங்களின் கணக்கு, இவை மட்டும்தான். நீங்கள் எழுதிய விஷயம் அதில் ஏறாது. எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதினால் வேகம் பாதியாகிவிடும் என்பதால் இப்படி. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்லப்போகிற கதையைக் கேளுங்கள்.

சத்துவாச்சாரியில் தெரிந்தவர் ஒருவர் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, வரவேற்பு பேனர் என்று வைகாசியில் கூட்டம் நெரியும். கல்லூரிப் பையன் ஒருவன் அவருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். யூ.பி.எஸ். இருந்தது, பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருந்தது; அந்தப் பெட்டி மேல் பேப்பர் கட்டு வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம், ரத்தினகிரியில் நடக்கப்போகிற கல்யாணத்துக்குப் பத்திரிகை. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பெரியப்பா பெயராகச் சொல்லச் சொல்ல அடித்து முடித்தார். ‘சேவ்’ கொடுத்தார். மூடித் திறந்தும் காட்டினார், எல்லாம் சரியாக இருந்தது. கரண்ட் போனது. வந்தது. ஃபைலைத் திறந்தால் வெறும் வெள்ளை. எனக்கு போன் செய்தார். “இன்னா சார் இது, பேரு கீது, உள்ள ஒண்ணுமே இல்லியே. சேவ் ஆனத கண்ணால பார்த்தேன் சார்!” போய்ப் பார்த்தேன். ஃபைல் பெயர் அப்படியே இருந்தது, நேரமும் சரி, அளவு 0 பைட்.

அவர் சொன்னது பொய்யில்லை. மூடித் திறந்தபோது அவர் பார்த்தது டிஸ்கில் இருந்ததை அல்ல, நினைவகத்தில் இருந்ததை. ‘சேவ்’ கொடுத்ததும் விஷயம் முதலில் ரேமில், அதாவது கரண்ட் போனால் அழிந்துவிடும் அந்த நினைவகத்தில்தான் நிற்கும். டிஸ்குக்குப் போக லினக்ஸில் அரை நிமிஷம்கூட ஆகலாம். இடையில் யார் கேட்டாலும் ரேமிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், அதுதான் வேகம். பெயர் சிட்டா வழியாகச் சீக்கிரம் போய்விட்டது. விஷயம் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெரியப்பாக்களை மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள். இந்த முறை பட்டியலில் இரண்டு பேர் கூடிவிட்டதாகக் கேள்வி.

இதே சங்கதி 2009-ல் உலகம் முழுக்கப் பெரிய சண்டையானது. எக்ஸ்ட்3-க்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4, 2008 டிசம்பரில் பொதுப் பயன்பாட்டுக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு வேக உத்தி இருந்தது. விஷயத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதையே கடைசி வரை முடிவு செய்யாமல் தள்ளிப்போடும். தள்ளிப்போட்டால் ஃபைலின் முழு நீளம் தெரிந்துவிடும், அடுத்தடுத்த கட்டங்களாகப் பார்த்து ஒதுக்கலாம். சுழலும் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. சிதறிக் கிடக்கும் கட்டங்களைத் தேடி அலைவது அவ்வளவு செலவு. நல்ல உத்திதான். ஆனால் கணினி திடீரென நின்றபோது பலருடைய செட்டிங்ஸ் ஃபைல்கள் பூஜ்யம் பைட்டாகிப் போயின. இத்தனைக்கும் அவற்றை எழுதிய மென்பொருள்களில் பல பழைய ஃபைலைத் தொடாமல், புதியதைத் தனியாக எழுதி, பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிற பத்திரமான முறையைத்தான் பின்பற்றின. பெயர் மாற்றம் டிஸ்குக்குப் போய்விட்டது, புதிய விஷயம் போகவில்லை. பழையதும் போச்சு, புதியதும் போச்சு.

எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியோடர் ட்ஸோ, விதிப்படி தவறு மென்பொருள் எழுதியவர்களுடையது என்றார். ‘எஃப்-சிங்க்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. இந்த ஃபைலை டிஸ்கில் எழுதி முடித்துவிட்டு வந்து சொல் என்று பொருள். அதைக் கொடுக்காமல் பெயரை மாற்றினால் எந்த உத்தரவாதமும் இல்லை. விதிப்புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க வேண்டும் இல்லையா? எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். முந்தைய வருஷம், 2008-ல், ஃபயர்ஃபாக்ஸ் 3 பிரவுசர் வந்த சமயம். ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் அது தன் குறிப்பேட்டில் ஒன்றை எழுதி எஃப்-சிங்க் கொடுத்தது. எக்ஸ்ட்3-இல் ஒரு குட்டி ஃபைலுக்கு எஃப்-சிங்க் கொடுத்தால், முத்திரை வைத்துச் சிட்டாவை மூடுவதற்கு முன் அதுவரை காத்திருக்கும் மற்ற விஷயங்களையும் எழுதித் தீர்க்க வேண்டியிருந்தது. பின்னால் பெரிய சினிமா ஃபைல் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருந்தால், நீங்கள் ஒரு லிங்கைத் தொட்டதும் பிரவுசர் பல நொடிகள் உறைந்து நிற்கும். ஜனங்கள் திட்டினார்கள். எஃப்-சிங்க் என்றாலே மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லப்போனால் எக்ஸ்ட்3-இல் அது தேவையும் படவில்லை. 5 நொடிக்கு ஒருமுறை சிட்டாவை மூடும். மூடுவதற்கு முன் விஷயத்தை எழுதிவிடும். ஆக, ஓரிடத்தில் இருந்த வேகக் குறைபாடு ஆட்களை ஒரு பழக்கத்துக்குத் தள்ளியது, அந்தப் பழக்கம் அடுத்த வருஷம் வேறிடத்தில் ஃபைல்களைத் தின்றது. பிழை ஒரு இடத்தில் பிறந்து இன்னொரு இடத்தில் கடிக்கிறது.

ட்ஸோவும் வாதத்தோடு நிற்கவில்லை. பழைய ஃபைலின் மேல் பெயர் மாற்றி வைத்தால் உடனே கட்டம் ஒதுக்கி எழுதிவிடு என்று திருத்தம் போட்டார், 2009 நடுவில் வந்த லினக்ஸ் 2.6.30-இல் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அவர் செய்தது அவர் சொன்னதைவிடச் சரி. விதியில் இல்லை என்று சத்துவாச்சாரிக் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல முடியுமா? ஆனால் அந்தத் திருத்தம் பழைய ஃபைலின் இடத்தில் புதியதை வைக்கும்போதுதான் காக்கும். முதன்முதலாக உண்டாகிற ஃபைலுக்கு உதவாது. கல்யாணப் பத்திரிகை அந்த ரகம்.

சரி, இந்த மாதிரிப் பிழைகளை எப்படிப் பிடிப்பது? பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் தற்செயலாக எப்போதாவது ஒன்று மாட்டும். இப்போது வேறு வழி செய்கிறார்கள். டிஸ்குக்குப் போகிற ஒவ்வொரு எழுதும் கட்டளையையும் வரிசையாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். பிறகு, முதல் கட்டளையோடு கரண்ட் போனால் டிஸ்க் எப்படி இருந்திருக்கும், இரண்டாவதோடு போனால் எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக உண்டாக்கிச் சோதிக்கிறார்கள். 2018-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் இதே வழியில், எஃப்-சிங்க் போன்ற கட்டளை முடியும் இடங்களில் மட்டும் கரண்ட் போனதாக வைத்து, லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களில் 10 புதுப் பிழைகளைப் பிடித்தார்கள். பெரிய பெரிய சோதனை எதுவும் இல்லை. ஃபைலை உண்டாக்கு, பெயரை மாற்று, எஃப்-சிங்க் கொடு என்று இரண்டு மூன்று செயல்கள்தான். அவற்றைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார்கள், அவ்வளவுதான். பிடிபட்டவற்றில் சில பிழைகள் 2014-லிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தவை.

வேகத்தில் இன்னொரு வேடிக்கை. ஒரு ஃபைலைப் படித்தாலே, கடைசியாக இதைப் படித்த நேரம் என்று ஃபைல் சிஸ்டம் எழுதிவைக்கும். படிக்கிற வேலைக்கு ஓர் எழுத்து வேலை! அந்த நேரத்தை நம்மில் யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை. தேவையானபோது மட்டும் குறித்தால் போதும் என்று அதே 2.6.30-இல் வழக்கத்தை மாற்றினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சைகை காட்டுகிறார்கள். டிஸ்க் நிரம்புவதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிர்க் மெக்கூசிக்கும் நண்பர்களும் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் பழைய ஃபைல் சிஸ்டம் புதிதாக இருந்தபோது நொடிக்கு 175 கிலோபைட் கொடுத்தது, சில வாரம் புழங்கியதும் 30-க்கு இறங்கிவிட்டது. காலிக் கட்டங்கள் சிதறிப்போனதுதான் காரணம். அவர்கள் எழுதிய புதியதில் 10 சதவீதம் இடத்தை எப்போதும் காலியாக விடச் சொன்னார்கள். உங்கள் டிஸ்கிலும் அப்படிக் கொஞ்சம் விடுங்கள். புது டிஸ்கில் வேகம் அளந்து விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு வருஷம் புழங்கியதில் அளக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பென் டிரைவுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், அது போய்விட்டது. ஒரே ஒரு விஷயம்: 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு எழுதுவதைத் தள்ளிப்போடாமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. லினக்ஸில் அப்படி இல்லை. காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொல்லும் வரை காத்திருங்கள். வணக்கம்.