வடம் பிடிக்கும் கைகள்

(கோத்தகிரியில், பள்ளி மன்றங்களின் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கூட்டு முயற்சி என்று பேச்செடுத்தாலே “ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்” என்று தொடங்கிவிடுவோம். தேரோட்டத்தில் வடத்தின் அருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இருக்கும் கையெல்லாம் இழுக்கும் கை அல்ல. தொட்டுக் கும்பிடும் கையும் உண்டு. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்தார். 1913இல் முடிவுகள் வெளிவந்தன. தனியாக இழுக்கும் ஒருவரின் விசையை 100 என்று வைத்தால், இருவர் சேரும்போது தலைக்கு 93. மூவர் சேர்ந்தால் 85. எட்டுப் பேர் சேர்ந்தால் 49தான்.

காரணம் இரண்டு. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒன்று. ‘நான் கொஞ்சம் தளர்த்தினால் யாருக்குத் தெரியப்போகிறது’ என்பது மற்றொன்று. 1974இல் அமெரிக்காவில் ஆளின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து, தனியாகவே இழுக்க விட்டார்கள். அப்போதும் விசை குறைந்தது. 1981இல் வந்த இன்னோர் ஆய்வில், கூட்டமாகக் கத்தினாலும் ஒவ்வொருவர் குரலும் தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னதும் அந்தத் தளர்ச்சி மறைந்தது. நமக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. ஒற்றுமையைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதவைத்தாலும் சரி, அவரவர் பங்கு கண்ணில் படாத வேலையில் பிள்ளைகள் ஒற்றுமையைக் கற்கமாட்டார்கள்.

இது நம் மலைக்குப் புதிதல்ல. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். வாடவைக்கும் தொட்டியில் எல்லார் கொழுந்தும் ஒன்றாகத்தான் விழுகிறது. ஒருவர் இரண்டு இலை ஒரு மொட்டாகப் பறிக்கிறார், இன்னொருவர் எடைக்காக முற்றிய இலையையும் அள்ளிப் போடுகிறார். தூளின் தரம் குறைகிறது, குன்னூர் ஏலத்தில் விலை இறங்குகிறது, அந்த இறக்கம் நல்ல கொழுந்து கொடுத்தவர் தலையிலும் விழுகிறது. தொட்டிக்குள் போனபின் யாருடைய இலை எது என்று பிரிக்க முடியாது. ஆகவே இலை வாங்கும் இடத்திலேயே, கலக்கும் முன்பே, பார்த்தாக வேண்டும். வகுப்பறைக் குழுவேலைக்கும் விதி இதுதான்.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? எட்டுப் பேருக்கு ஒரு சார்ட். கையெழுத்து நன்றாக இருக்கும் பெண் எழுதுகிறாள், ஒருவன் படம் ஒட்டுகிறான், ஆறு பேர் பெயர் மட்டும் கொடுக்கிறார்கள். மதிப்பெண் எட்டுப் பேருக்கும் ஒன்று. அந்தப் பெண் கற்றுக்கொண்டது கூட்டு முயற்சி அல்ல, கசப்பு.

குழு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். யாரோடு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பிள்ளைகளிடமே விட்டால் ஹட்டி எனும் படகர் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எஸ்டேட் லைன் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்துவிடும். ஊரில் இருக்கும் பிரிவுக்கோட்டை வகுப்பிலும் நாமே போட்டுக் கொடுத்ததாகும்.

பாடத்துக்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து மோதிக்கொண்டிருந்த நேரத்தில் வகுத்தது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். சோலை, புல்வெளி, விலங்குகள், பழங்குடி மக்கள், 1986இல் அது அறிவிக்கப்பட்ட வரலாறு என ஐந்து பகுதி. குழுவில் ஆளுக்கு ஒன்று. சோலை கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து ஒரு மேசையில் பதினைந்து நிமிடம் சேர்ந்து படிப்பார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் சொல்லித் தருவார்கள். கடைசியில் ஐந்து பகுதியிலும் கேள்வி வரும், தேர்வைத் தனித்தனியாகவே எழுத வேண்டும். திக்கிப் பேசும் பையனைக் கேலி செய்தால் சோலையைப் பற்றிய மதிப்பெண் போய்விடும். இரண்டாம் வாரத்திலேயே அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். மழைக்காலத்தில் பஸ் வராமல் ஒருவன் வராவிட்டால் பகுதி அறுந்துபோகும், எனவே ஆடியில் பகுதிகளைக் குறைத்து, ஒரு பகுதியை இருவருக்குக் கொடுங்கள்.

வெளிவேலைக்கு, உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அயல் களைப்புதரை அகற்றுவதைப் பரிந்துரைப்பேன். பள்ளி வளாகத்துக்குள் மட்டும், மேல்வகுப்புப் பிள்ளைகளோடு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க. காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். புதரை மேலே வெட்டிவிட்டால் போகாது, முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஒருவர் கிளைகளைக் கழித்து வழி செய்ய, இருவர் கையுறையோடு புதரைச் சாய்த்துப் பிடிக்க, ஒருவர் கொத்தால் மண்ணை விலக்கித் தரைக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வேரை அறுக்க வேண்டும். பிடிப்பவர் கை தளர்ந்தால் அறுப்பவருக்கு வேர் தெரியாது, மேலே வெட்டிவிடுவார். பிடுங்கியதைத் தலைகீழாகப் போட்டால் மறுபடி வேர் பிடிக்காது. ஐந்தாமவர் பிடுங்கிய புதர்களை எண்ணி, குழியருகே குழு எண் எழுதிய குச்சி நட வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். எந்தக் குச்சியருகே துளிர் வந்திருக்கிறது என்பதைக் குழுவே பார்த்துவிடும். நாம் திட்ட வேண்டியதில்லை.

இனி அமைப்புகள். என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது; ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி, அதோடு ஏழு நாள் முகாம். சாரணர் இயக்கத்தில் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், அணித்தலைவர் அவர்களிலேயே ஒருவர். என்.சி.சி., ஜூனியர் ரெட் கிராஸ், பசுமைப் படை எல்லாம் உண்டு. சான்றிதழுக்காகச் சேருகிறார்களே என்று நொந்துகொள்ளாதீர்கள்; சேர்ந்தபின் நிற்கவைப்பது நம் பொறுப்பு. ஒரே பிள்ளையை நான்கு அமைப்பில் சேர்க்காதீர்கள், ஒன்றில் இரண்டு ஆண்டு இருக்கட்டும். கூட்டத்தைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே வையுங்கள். மாலை பஸ்ஸை விட்டால் வீட்டுக்கு நடக்க வேண்டிய பிள்ளை அடுத்த வாரம் வராது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் மகளிர் குழுவோ கூட்டுறவோ நடத்தப்போகிறவர்கள். மன்றத்திலேயே அந்தப் பழக்கம் வரட்டும். சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்துத்தான் கூட்டம் தொடங்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் மூன்று கட்டம் போதும்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். ‘யார்’ என்ற கட்டத்தில் ‘அனைவரும்’ என்று எழுதியிருந்தால் அந்த வேலை நடக்காது, அடித்துவிட்டு ஒரு பெயர் எழுதச் சொல்லுங்கள். செயலாளர் பருவத்துக்கு ஒருவர் மாறட்டும், முதல் மதிப்பெண் வாங்குபவரே எப்போதும் வேண்டாம்.

சந்தா ஐந்து ரூபாயாக இருந்தாலும் ரசீது வேண்டும், செலவுக்கு இரண்டு மாணவர் கையெழுத்து வேண்டும். பணம் ஆசிரியர் மேசை டிராயரில் இருக்கும்வரை அது அவர்கள் மன்றம் அல்ல. மாதம் ஒருமுறை வரவு செலவை உரக்க வாசிக்கச் சொல்லி, கேள்விக்கு ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் இரண்டு மாதம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கணக்கு நோட்டைக் கடைசி பெஞ்சுவரை கைமாற்றி அனுப்பிப் பாருங்கள், “இந்த நாற்பது ரூபாய் எதற்கு?” என்று ஒரு குரல் அங்கிருந்து வரும்.