புளியில் நார், நிரலில் பிசிறு

நேயர்களுக்கு வணக்கம். நான் தருமபுரிக்காரன். 12 வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன், முதல் பாதி ஓசூரில் அறை எடுத்துத் தங்கி பெங்களூருக்கு பஸ் பிடித்துப் போன காலம், இப்போது வீட்டு மாடியிலேயே வேலை. கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் பேசப்போவது காற்புள்ளி, இடைவெளி, வரியை எங்கே மடிப்பது என்பது பற்றி. சிரிக்காதீர்கள், இதனால் ஒரு ராத்திரித் தூக்கமே போயிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து பேர் சேர்ந்து ஒரு நிரல் எழுதினால் ஒருவர் வரியை 2 இடைவெளி உள்ளே தள்ளுவார், இன்னொருவர் 4, மூன்றாமவர் டேப் தட்டுவார். எழுதியதை மற்றவர்கள் படித்துப் பார்க்கிற ரிவ்யூவில் பேச்சு முழுக்க "இந்த அடைப்புக்குறியைக் கீழே இறக்கு" என்றே போகும். கணக்கு சரியா என்று பார்க்க ஆள் இருக்காது, ஏனென்றால் காற்புள்ளியைக் குறை சொல்வது சுலபம், கணக்கைப் புரிந்துகொள்வதற்குத்தான் மண்டை காய வேண்டும்.

இந்தச் சண்டையை மெஷினிடம் விட்டுவிடலாம். ஃபார்மேட்டர் என்று ஒன்று, அது நிரலின் தோற்றத்தை மட்டும் ஒழுங்கு செய்யும். லின்டர் என்று இன்னொன்று, அது நிரலைப் படித்துப் பார்த்து 'இந்த மாறியை உருவாக்கினாய், எங்கேயும் பயன்படுத்தவில்லையே' என்று கேட்கும். மாறி என்றால் நிரலில் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு இப்படி ஒரு கருவி எழுதி லின்ட் என்று பேர் வைத்தார், துணியில் ஒட்டுகிற பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பேர். நம் பக்கத்து ஆளாக இருந்தால் புளியைத்தான் நினைத்திருப்பார். மாசி, பங்குனியில் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்தாலும் ஒரு கொட்டை உள்ளே ஒளிந்திருந்து துவையல் அரைக்கும்போது மிக்ஸியில் கடகடவென்று சத்தம் போடும்.

அப்படி ஒரு கொட்டை 2014 பிப்ரவரியில் ஆப்பிளிடம் சிக்கியது. பாதுகாப்பான இணைய இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் 'கோட்டு ஃபெயில்', அதாவது மிச்சத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குத் தாவு, என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரியும் உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் மேலே உள்ள நிபந்தனைக்கு அடங்கியது மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அடங்கவில்லை, எப்போதும் ஓடியது, அதற்குக் கீழே இருந்த முக்கியமான கையொப்பச் சோதனை நடக்கவே இல்லை. ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் அந்த வரியை இடப்பக்கம் இழுத்துப் போட்டிருக்கும், பார்த்தவுடன் உறுத்தியிருக்கும். இதைத்தான் மாணவர்களிடம் சொல்வேன்: அழகு என்று நினைப்பது பல சமயம் அழகு மட்டும் இல்லை.

எந்தக் கருவி? பைத்தான் மொழிக்கு பிளாக் என்ற ஃபார்மேட்டர் இருக்கிறது, அது ஒரு வரிக்கு வைத்திருக்கும் நீளம் 88 எழுத்து. இப்போது பலரும் ரஃப் என்ற கருவியைப் போடுகிறார்கள், ஃபார்மேட்டர், லின்டர் இரண்டின் வேலையையும் அதுவே பார்க்கும், ரஸ்ட் மொழியில் எழுதியது என்பதால் பயங்கர வேகம். ஜாவாஸ்கிரிப்டுக்குத் தோற்றம் பார்க்க பிரிட்டியரும் பிழை பார்க்க ஈஎஸ்லின்டும். கோ மொழிக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, கோஃபம்ட் என்ற ஃபார்மேட்டர் மொழியோடு சேர்ந்தே வருகிறது. கருவி எதுவானாலும் அதில் உள்ளபடியே விட்டுவிடுங்கள். எனக்கு 88 பிடிக்காது, ஆனாலும் மாற்றுவதில்லை, மாற்ற ஆரம்பித்தால் பழைய சண்டை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடும்.

ஓட்ட வேண்டிய இடம் மூன்று. நிரல் எழுதுகிற எடிட்டரில் கோப்பைச் சேமிக்கும்போது, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் கமிட் செய்யும்போது (அதாவது ஒரு மாற்றத்தைப் பதிவு செய்யும்போது), அப்புறம் எல்லாருடைய நிரலும் வந்து சேரும் சர்வரில். சர்வரில் மட்டும் எதையும் திருத்த விடாதீர்கள், சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டினால் போதும். மூன்று இடத்திலும் கருவியின் பதிப்பு எண் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் மெஷின் மடித்த வரியை சர்வர் பிரிக்கச் சொல்லும், பைத்தியம் பிடித்துவிடும். விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, வரி முடிந்தது என்று கோப்பில் மறைவாக வைக்கும் குறி, அதாவது வரிமுடிவு, அங்கே வேறு. ஒரு எழுத்தைக்கூடத் தொடாத கோப்பு முழுக்க மாறியதாகச் சிவப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், கிட்டுக்கு விதி சொல்லும் கிட்அட்ரிப்யூட்ஸ் கோப்பில் வரிமுடிவு எல்எஃப் (லினக்ஸ் பாணிக் குறி) என்று ஒரு வரி எழுதினால் அடங்கிவிடும்.

சரி, அந்த ராத்திரி. பில் போடும் நிரலில் சின்னத் திருத்தம், இரண்டே வரி. அன்றைக்குத்தான் எடிட்டரில் ஃபார்மேட்டரைப் புதிதாகப் போட்டிருந்தேன், சேமித்தவுடன் பழைய கோப்பு முழுவதையும் அது மாற்றி எழுதிவிட்டது. ரிவ்யூ செய்தவர் ஆயிரக்கணக்கான வரி சிவப்பும் பச்சையுமாக, அதாவது நீக்கியதும் சேர்த்ததுமாக, ஓடுவதைப் பார்த்தார், தோற்ற மாற்றம்தானே என்று ஒப்புதல் தந்துவிட்டார். அந்த இரண்டு வரியில் 'குறைவு அல்லது சமம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'குறைவு' என்று எழுதியிருந்தேன். ராத்திரி 11 மணிக்கு போன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் குவியலில் நானே கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

அதனால் பழைய நிரலுக்கு ஃபார்மேட்டர் போடுவதாக இருந்தால், யாருடைய வேலையும் பாதியில் நிற்காத ஒரு நாளாகப் பார்த்து, முழுவதையும் ஒரே கமிட்டில் மாற்றுங்கள், அதில் வேறு எந்தத் திருத்தமும் சேரக்கூடாது. ஒவ்வொரு வரியையும் எழுதியது யார் என்று காட்டும் கிட் பிளேம் அதற்குப் பிறகு உங்கள் பேரையே காட்டும் என்று கவலை வேண்டாம், 2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்து அந்த ஒரு கமிட்டைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல வழி இருக்கிறது. லின்டரை மட்டும் மெதுவாக. எல்லா விதியையும் முதல் நாளே போட்டால் ஆயிரம் எச்சரிக்கை வரும், மறுநாளே யாராவது அதை அணைத்துவிடுவார்கள். அறிவிக்காத பெயர், பயன்படாத மாறி, இந்த இரண்டில் ஆரம்பியுங்கள்.

பர்கூரிலும் செட்டிக்கரையிலும் கல்லூரி புராஜெக்ட் செய்துகொண்டே கேட்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. கமிட் செய்வதற்கு முன் இந்தக் கருவிகளைத் தானாக ஓட்டுவது ப்ரீ-கமிட், அதன் கோப்பை எழுதி வைத்தால் மட்டும் அது ஓடாது. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அவரவர் மெஷினில் ப்ரீ-கமிட் இன்ஸ்டால் என்று ஒருமுறை அடிக்க வேண்டும். நாலு பேரில் ஒருத்தர் கட்டாயம் மறந்திருப்பார், இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். வணக்கம்.